லோயர் ஆர்ம் மாற்றிய பிறகு வீட்டிலேயே வீல் அலைன்மென்ட்: மண்டபத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். எஞ்சினையும் புரொப்பல்லர் சாஃப்டையும் ஒரே கோட்டில் உட்கார வைப்பது என் அன்றாட வேலை. இரண்டையும் சேர்க்கும் கப்ளிங் இடையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டு, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்து, பேக்கிங் தகடு வைத்துச் சரிசெய்வோம். ஆனால் காரின் சக்கரத்தை நேராக்கும் வேலையை அதுவரை தொட்டதில்லை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் என் சின்னக் காருக்குச் சஸ்பென்ஷன் வேலை செய்தபோதுதான் அது கைக்கு வந்தது. நடந்ததை அளவுகளோடு எழுதி வைத்திருந்தேன். கடற்கரையில் கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே நிலை வரும் என்பதால் முழுவதையும் இங்கே தருகிறேன்.

வண்டி முன்சக்கர ஓட்டம், 12 அங்குல ரிம், பதினொரு வயது. அதில் நான்கு வருடம் மீன் பெட்டி ஏற்றியது. ஐஸ் உருகி வழியும் உப்புத்தண்ணீர் தரைத்தகடு வழியாக இறங்கி, சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிடிக்கும் லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்ஷின் இரும்பு உறையைத் தின்றுவிட்டது. மண்டபம் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரிப்பைச் சோதிப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில் நிலையம் வைத்த இடம் இது. முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட்டோடு இரண்டு லோயர் ஆர்ம், ஸ்டியரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனையான டை ராடு எண்டு இரண்டு, எல்லாம் மாற்றியாயிற்று. தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவர் கூட இருந்தார்.

பழைய டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றினோம். எல்லோரும் செய்வதுதான். இது வண்டியை நகர்த்தும் அளவுக்குத்தான் போதும். புதிய எண்டின் உடல் நீளம் பழையதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மாறினாலே கணக்கு தப்பிவிடும். ஆர்மும் ஷாக்கும் மாறிய பிறகு பழைய எண்ணிக்கைக்கு அர்த்தமும் குறைவு.

வண்டி வெளியே வந்ததும் நேராகப் போக ஸ்டியரிங்கைச் சுமார் பத்து டிகிரி இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. உச்சிப்புளி வரை இரண்டு மூன்று நடை போய் வந்தேன். பிறகு முன் டயரைக் கையால் தடவிப் பார்த்தால், வெளியிலிருந்து உள்ளே வழுவழுப்பாகவும் உள்ளிருந்து வெளியே ரம்பப் பல் போலவும் இருந்தது. டோ-இன் அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம். டோ-இன் என்றால் இரண்டு முன்சக்கரங்களின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட நெருங்கி நிற்பது. விரிந்து நின்றால் டோ-அவுட். அப்போது பல் எதிர்த்திசையில் விழும்.

அலைன்மென்ட் இயந்திரம் ராமநாதபுரத்தில் இருக்கிறது, நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நேரே அங்கே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஓர் இடத்தில் கொடுத்தபோது டை ராடின் நீளத்தைப் பூட்டி வைக்கும் வலது லாக் நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதை விட்டுவிட்டு இடது ராடை மட்டும் திருப்பி மொத்தக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். கையில் தந்த தாளில் எல்லாம் பச்சை, அதாவது சரி. ஸ்டியரிங் மட்டும் கோணல். இந்த முறை ஏன் கோணல் என்று எனக்கே தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் அளவும் அதன் பிழையும்

கொட்டகையில் சிமெண்ட் தரை. நான்கு மூலையில் நான்கு ஸ்டாண்டு வைத்து, சக்கர நடுவின் உயரத்தில் வண்டியின் இருபுறமும் தங்கூசி நரம்பு கட்டினேன். தூண்டில் போடும் அதே நரம்புதான். நைலான் கயிறு போலத் தொய்யாது, மெல்லியது, அளவு பார்க்கச் சுத்தமாக இருக்கும். நான்கு ஹப்பிலிருந்தும் நரம்பு ஒரே தூரத்தில் இருக்கும்படி வைத்துவிட்டு, ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புக்கு எவ்வளவு, பின்விளிம்பிலிருந்து எவ்வளவு என்று ஸ்டீல் ஸ்கேலில் அளந்தேன். முன் அளவில் பின் அளவைக் கழித்தால் அந்தச் சக்கரத்தின் டோ. என் ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு 330 மி.மீ. அந்த அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 0.17 டிகிரி.

இரண்டு சக்கரமும் சேர்த்து 7 மி.மீ. டோ-இன் வந்தது. ராடைத் திருப்ப ஸ்பானரை எடுத்துவிட்டேன். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு ஓடாவி, படகு கட்டும் தச்சர், வந்தார். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் படகெல்லாம் கரையேறி நிற்கும், ஓடாவிக்குத் தலைக்கு மேல் வேலை. உளி தீட்டிக்கொள்ள வந்தவர் நரம்பைக் குனிந்து ஒரு கண்ணால் பார்த்தார்.

"மாப்ள, இந்த ரெண்டு நூலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து நிக்கிதா?"

"நாலு சக்கரத்துக்கும் ஒரே தூரம் மாமா."

"சக்கரத்தக் கேக்கல. நூலக் கேக்கறேன். ஏரா வைக்கிறப்ப நாங்க மொதல்ல நடு நூலத்தான் சரி பாப்போம். நூலு கோணுனா அணியம் ஒரு பக்கம் போகும், அமரம் ஒரு பக்கம் போகும்."

ஏரா என்பது படகின் அடிக்கட்டை; அணியம் முன்முனை, அமரம் பின்முனை. அவர் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வண்டியில் முன்சக்கர இடைவெளி 1295, பின்சக்கர இடைவெளி 1290. முன்பக்கம் 5 மி.மீ. அகலம். நான்கு ஹப்புக்கும் ஒரே தூரத்தில் நரம்பு வைத்தால் நரம்பு முன்பக்கம் விரிந்து நிற்கும். அந்த விரிவு ஒவ்வொரு முன்சக்கரத்திலும் 0.35 மி.மீ. பொய்யான டோ-இன் காட்டும். இரண்டும் சேர்ந்து 0.7. நான் வைக்க நினைத்த மொத்த அளவே 1 மி.மீ. தான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்திருந்தேன். தூக்கி நிறுத்திய வண்டியின் சக்கரங்கள் தொங்கி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். இறக்கும்போது டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் வண்டி முழுதாக உட்காராமல் மேலேயே நிற்கும். அந்த நிலையில் டோவும் கேம்பரும் எதையாவது காட்டும். நான்கைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பானட்டை அழுத்தி ஆட்டி, மறுபடி அளந்தபோது 7 என்றது 3 ஆகிவிட்டது. முதல் அளவை நம்பித் திருப்பியிருந்தால் வண்டி கடுமையான டோ-அவுட்டில் போய் நின்றிருக்கும்.

நரம்பு, காற்று, தரை

ஒரே நீளத்தில் இரண்டு ஜி.ஐ. குழாய் வெட்டினேன். இரண்டிலும் ஒரே இடைவெளியில் ஹேக்ஸா பிளேடால் கீறல். ஒன்று வண்டிக்கு முன், ஒன்று பின். கீறலுக்குக் கீறல் நரம்பு ஓட்டிவிட்டால் இரண்டு நரம்பும் தமக்குள் இணையாகத்தான் நிற்கும். மூலைக்கு மூலை அளந்து அதையும் ஒருமுறை உறுதி செய்யலாம். பிறகு குழாயை மட்டும் இடம் வலமாக நகர்த்தி, முன் ஹப் இரண்டுக்கும் ஒரே தூரம், பின் ஹப் இரண்டுக்கும் ஒரே தூரம் என்று வைத்தால் போதும். முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டியதில்லை. நரம்பு முனைகளில் வலையின் ஈயக்குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டேன். இழுவிசை மாறாமல் இருந்தது.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. பத்து மணிக்கு மேல் நரம்பு ரீங்கரிக்கும். நான்கு மீட்டர் நீள நரம்பைக் காற்று வில்லாக வளைத்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் எளிதாகப் போய்விடும், கண்ணுக்கும் தெரியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பகல் போயிற்று; ஒரே சக்கரத்தை மூன்று தடவை அளந்து மூன்று விடை வந்த பிறகுதான் புரிந்தது. அதன் பிறகு அளவெல்லாம் விடியற்காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில், தென்மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டுதான். டார்ச் வெளிச்சத்தில் நரம்பின் நிழல் ஸ்கேலில் விழும். நரம்பும் நிழலும் ஒன்றாகச் சேரும் இடத்தில் படித்தால் அரை மில்லிமீட்டர் வரை சண்டையில்லாமல் வரும்.

தரையைக் கொத்தனார் டியூப் மட்டம் வைத்துப் பார்த்தேன். முன் வலது சக்கரம் நிற்கும் இடம் 9 மி.மீ. தாழ்வு. டோவுக்கு இது பெரிதில்லை. கேம்பருக்கு, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, 1295 மி.மீ. அகலத்தில் 9 மி.மீ. என்பது 0.4 டிகிரி. இல்லாத கோணலைத் தரையே உண்டாக்கிவிடும். உடைந்த டைல்ஸ் துண்டுகளை அடியில் கொடுத்துச் சமமாக்கினேன். முன்சக்கரம் இரண்டின் கீழும் இரண்டிரண்டு டைல்ஸ், முகத்துக்கு முகம் வைத்து நடுவில் கிரீஸ். ராடைத் திருப்பும்போது டயர் தரையைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிக்கொடுக்கும்.

ரிம் நெளிவையும் விடக்கூடாது. ரிம்மில் சாக்பீஸ் அடையாளம் போட்டு அளந்தேன். அரைச் சுற்று வண்டியை உருட்டி மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டேன். என் இடது ரிம்மில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நெளிவு இருந்தது.

ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்துவது தனி வேலை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, சீட்டுக்குக் குறுக்கே கட்டை கொடுத்து அசையாமல் கட்டினேன். ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவது சிலர் சொல்லும் குறுக்குவழி. செய்யாதீர்கள். இரண்டு டை ராடையும் இடம் வலமாகத் தள்ளும் பல்தண்டான ராக் நடுவில் இல்லாமல் போகும், ஏர்பேக் உள்ள வண்டியில் ஆபத்தும் கூட.

இத்தனைக்கும் பிறகு கிடைத்த அளவு மி.மீ. கணக்கில், + என்றால் டோ-இன், − என்றால் டோ-அவுட்: முன் இடது +5.5, முன் வலது −2.5. பின் இடது +1, பின் வலது −1. கேம்பர் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்ததில் இடது சக்கரத்தின் மேல்விளிம்பு 3 மி.மீ. உள்ளே, அதாவது −0.5 டிகிரி; வலது ஏறக்குறைய பூஜ்யம்.

முன் இரண்டும் கூட்டினால் 3 மி.மீ. நேராக ஓடும்போது ஒவ்வொரு சக்கரமும் 1.5 மி.மீ. உள்நோக்கி நிற்கும். 330-க்கு ஒன்றரை என்றால், ஒரு கிலோமீட்டர் உருண்டால் நாலரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் டயர் 180 மீட்டர் தேய்த்து இழுக்கப்பட்டிருக்கும். கையில் தட்டிய பல் அங்கிருந்துதான் வந்தது.

ராடைத் தொடும் முன்

ஆனால் இடதுக்கும் வலதுக்கும் கேம்பர் ஏன் இவ்வளவு வித்தியாசம்? படகில் கப்ளிங் கோணினால் முதலில் பவுண்டேஷன் போல்ட்டைத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புக்கு உயரம் அளந்தேன். இடது பக்கம் வலதைவிட 12 மி.மீ. உயரம்.

தப்பு எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது. அது எங்கள் கையால் நடந்தது. இடது லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே, சக்கரம் தொங்கும் நிலையிலேயே முழுதாக இறுக்கியிருந்தோம். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளி உறையோடும் ஒட்டியிருப்பது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. தொங்கும் நிலையில் உள்குழாயை இறுக்கிவிட்டால் அதற்கு அதுவே ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து வண்டியை மேலே தள்ளும். சீக்கிரம் கிழிந்தும் போகும். வலது பக்கம் மாலையில் செய்தது, அங்கே தரையில் நிறுத்திய பிறகு இறுக்கினோம். ஒரே நாளில், ஒரே வண்டியில், இரண்டு விதமாக.

இதை எந்த இயந்திரமும் சொல்லியிருக்காது. அது இருக்கும் கோணத்தை அளந்து கொடுக்கும், ராடைத் திருப்பிப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சில மாதத்தில் ரப்பர் தளர்ந்து வண்டி இறங்கும்போது டோ மறுபடி மாறும், குற்றம் அலைன்மென்ட் மேல் விழும்.

சக்கரங்களை ஒரே கனமுள்ள நான்கு பலகை மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு போல்ட்டைத் தளர்த்தினேன். டக்கென்று ஒரு சத்தம், வண்டி உட்கார்ந்தது. ஆட்டிவிட்டு அதே நிலையில் இறுக்கினேன். உயர வித்தியாசம் 3 மி.மீ. ஆகியது, இடது டோ 5.5-இலிருந்து 4 ஆகியது. ஜாக்கி விஷயத்தில் ஒரு வார்த்தை: நம் கரை வண்டிகளில் ஜாக்கி வைக்கும் இடத்துத் தகடே பொரிந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்காமல் தூக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

அடுத்தது கேம்பர். என் வண்டியில் கேம்பருக்குத் தனி அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. ஆனால் ஷாக்கையும், ஹப்பைத் தாங்கும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டின் ஓட்டையில் கொஞ்சம் இடம் உண்டு. தளர்த்தி, சக்கரத்தின் மேல்பக்கத்தை வெளியே இழுத்துப் பிடித்து, டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கியதில் −0.5 என்பது −0.1 ஆகியது. அதே அசைவில் இடது டோ 4-இலிருந்து 3-க்கு இறங்கியது. டோவை முதலில் வைத்துவிட்டு இதைச் செய்திருந்தால் அந்த உழைப்பு வீண். டயர் காற்று, தேய்ந்த ஜாயின்ட், உயரம், கேம்பர் எல்லாம் முடிந்து டோ கடைசி. சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணமான காஸ்டர் பக்கம் நான் போகவில்லை. அதற்குச் சக்கரத்தைக் கோணம் பார்த்து இரு பக்கமும் திருப்பி அளக்க வேண்டும், என் வண்டியில் அதை மாற்றவும் வழியில்லை.

டை ராடு லாக் நட்டுக்கு முந்தின இரவே வயர் பிரஷ் போட்டுத் துரு நீக்கும் எண்ணெயில் ஊறவிட்டிருந்தேன். சூடு காட்டினால் பால் ஜாயின்ட் ரப்பர் கருகும், எனவே பொறுமைதான் வழி. ஒரு ஸ்பானர் எண்டைப் பிடிக்க, ஒன்று நட்டைத் தளர்த்த. ராக்கின் முனையை மூடும் ரப்பர் உறையான பூட்டின் கிளிப்பையும் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ராடோடு சேர்ந்து பூட் முறுக்கிக் கிழியும். என் வண்டியில் ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் பிடிக்கிறது. நீட்டினால் டோ-இன் கூடும். முன்னால் பிடிக்கும் வண்டியில் தலைகீழ். கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.85 மி.மீ. மாறியது.

என் கையேட்டில் மொத்த டோ 0 முதல் 2 மி.மீ. வரை உள்நோக்கி. உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். நான் நடுவில் 1 என்று எடுத்து, இடது 0.5, வலது 0.5 என வைத்தேன். இடது ராடு முக்கால் சுற்று உள்ளே, வலது முக்காலுக்குக் கொஞ்சம் மேல் வெளியே.

தனுஷ்கோடி சாலையில்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலை, சுமார் 9.5 கி.மீ. இரண்டு பக்கமும் கடல், நீளமான நேர்ப்பகுதி. சோதிக்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் கச்சான் காலத்தில் அங்கே ஓட்டினால் வண்டி இழுக்கிறதா காற்று தள்ளுகிறதா என்று குழப்பம் வரும். போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து, திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து. சாலையின் ஓரச்சரிவு மட்டும் இரண்டு தடவையும் இடதுக்கே இழுக்கும். எனவே போகவும் வரவும் ஒரே வேகத்தில் ஓட்டினேன். ஆளில்லாத அதிகாலையில் சாலையின் நடுமேட்டிலும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். திசை திரும்பியதும் மாறுவது காற்று. நடுமேட்டில் மறைவது சரிவு. இரண்டிலும் மாறாமல் நிற்பதுதான் வண்டியின் குறை.

மாறாமல் நின்றது ஒன்று. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, ஆனால் ஸ்டியரிங் மூன்று டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஓடியது.

விடை என் நோட்டிலேயே இருந்தது. பின் இடது +1, பின் வலது −1. அளக்கும்போது வந்த பிழை என்று நான் ஒதுக்கிய எண். இரண்டு பின்சக்கரமும் ஒரே அளவு வலது நோக்கி நிற்கின்றன என்பதே அதன் பொருள். பின் ஆக்ஸில் உடம்புக்கு நேராக இல்லை. வண்டி எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்வது பின்சக்கரம். சுக்கான் முன்னால் இருந்தாலும் தள்ளும் கோடு பின்னால் இருந்து வருகிறது. முன்சக்கரங்கள் வண்டியின் உடம்புக்கு ஒத்து நிற்காமல் அந்தக் கோட்டுக்கு ஒத்து நின்றால்தான் ஸ்டியரிங் நேராகும். ஓடாவி கேட்ட கேள்வியை நரம்பிடம் கேட்டேனே தவிர, வண்டியிடம் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் இடது ராடைக் கால் சுற்றுக்குச் சற்று மேல் வெளியே, வலது ராடை அதே அளவு உள்ளே. இடது +1.5, வலது −0.5. மொத்தம் மாறாமல் 1 மி.மீ. ஸ்டியரிங் நேராக நின்றது. லாக் நட்டை இறுக்கி, மறையில் காப்பர் கிரீஸ் பூசி, அடையாளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டேன். பாம்பன் சாலைப் பாலத்தில், 2 கிலோமீட்டருக்கு மேல் குறுக்குக்காற்று அடிக்கும் இடத்தில், கையைத் தளர்த்திப் பிடித்தாலும் வண்டி தடம் மாறவில்லை.

அந்த வாரமே ராமநாதபுரத்தில் இயந்திரத்தில் ஏற்றி அளக்க மட்டும் சொன்னேன். என் நரம்பின் 1 மி.மீ. என்பது 0.17 டிகிரி, இயந்திரம் காட்டியது 0.14. கேம்பர் இரண்டு பக்கமும் 0.1 வித்தியாசத்துக்குள். பின் ஆக்ஸில் கோணலையும் அது காட்டியது, அதே வலப்பக்கம்.

இப்போது 4,000 கி.மீ. ஓடிவிட்டது. முன் டயரில் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் ஆழக் கம்பி வைத்துப் பார்த்தேன். ரம்பப் பல் போய்விட்டது, தேய்மானம் மூன்றிலும் ஒன்றுபோல. பின்பக்கம் ஆக்ஸிலைப் பிடிக்கும் ட்ரெய்லிங் லிங்க் புஷ்களைக் கடப்பாரை கொடுத்து நெம்பியபோது இடது பக்கம் ஆட்டம் இருந்தது. புதியது வாங்கி வைத்திருக்கிறேன், வாடைக்காற்றுக்கு முன் மாட்ட வேண்டும், இந்த முறை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கி. ஆக்ஸில் நேரானால் முன்னால் வைத்த +1.5, −0.5 பொருந்தாமல் போய் ஸ்டியரிங் மறுபடி மூன்று டிகிரி கோணும். வெள்ளைக் கோட்டிலிருந்து இரண்டு ராடையும் அதே கால் சுற்றுத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும். குழாயும் நரம்பும் கொட்டகை உத்தரத்தில் தயாராகக் கிடக்கின்றன.